குக்கியும் நம் சம்மதமும்

முன்னுரை

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம். உலகமே விரல் நுனியில் அடங்கிவிட்டது என்று பேச்சுப் போட்டிகளில் நாம் அடிக்கடி முழங்குகிறோம். அது உண்மையும்கூட. தேர்வு முடிவைப் பார்க்கவும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், பாலக்கோடு மண்டியில் இன்று தக்காளி என்ன விலை போகிறது என்று அறியவும் நாம் கைப்பேசியையே நாடுகிறோம்.

அவ்வாறு ஓர் இணையதளத்தைத் திறந்தவுடன், நாம் படிக்க வந்த செய்தியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். அதன் கீழே பளிச்சென்ற நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதில் ‘அக்செப்ட் ஆல்’, அதாவது ‘அனைத்துக்கும் சம்மதம்’ என்று எழுதியிருக்கும். அந்த நாலு வரியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். படித்ததாக ஒருவரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறியாமலே நாம் தினமும் சம்மதித்து வருகிறோம். இது சரியா? குக்கி என்பது என்ன? அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? நாம் செய்ய வேண்டியது என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குக்கி என்றால் என்ன?

குக்கி என்றதும் பேக்கரியில் விற்கும் பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். இந்தக் குக்கி தின்பதற்கு அல்ல. இது சில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சிறு குறிப்பு. அதிகம் போனால் ஏறத்தாழ நான்காயிரம் ஆங்கில எழுத்துகள் அளவே இருக்கும்.

பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். காலையில் சைக்கிளை விட்டால், அங்கிருப்பவர் ஓர் எண் எழுதிய டோக்கனைத் தருகிறார். மாலையில் நம் முகம் அவருக்கு நினைவிருக்காது. ஆனால் டோக்கனை நீட்டினால் நம் சைக்கிளைக் கண்டுபிடித்துத் தந்துவிடுகிறார்.

இணையதளமும் இப்படித்தான். அதற்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தை நமக்குக் காட்டிய மறுகணமே நம்மை மறந்துவிடும். எனவே அது ஓர் எண்ணைக் குறிப்பாக எழுதி நம் கைப்பேசியில் உள்ள உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை நாம் செல்லும்போது உலாவி அந்தக் குறிப்பைத் தானாகவே எடுத்து நீட்டுகிறது. தளமும் ‘இவர் முன்பு வந்தவர்தான்’ என்று அறிந்துகொள்கிறது. இந்த டோக்கனே குக்கியாகும்.

குக்கி பிறந்த கதை

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்னும் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற இளம் பொறியாளர் பணிபுரிந்தார். இணையக் கடையில் ஒருவர் கூடையில் எடுத்து வைத்த பொருள்களை, அடுத்த பக்கத்துக்குச் சென்ற பின்னும் கடை நினைவில் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி அவர் முன் வந்தது. அதற்கு விடையாகவே அவர் குக்கியை உருவாக்கினார். கணினி வல்லுநர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த ‘மாஜிக் குக்கி’ என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

ஆக, குக்கி தீய எண்ணத்தில் பிறந்ததல்ல. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை வெட்டவும் செய்யும். அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்ததே பயன்.

குக்கியின் வகைகள்

குக்கிகளை அவற்றின் வேலையைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அவசியமான குக்கி. உதவித்தொகைத் தளத்தில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தபின், விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்காமல் காப்பது இதுவே. இது இல்லாவிட்டால் தளம் இயங்காது.

இரண்டாவது, விருப்பக் குக்கி. தமிழில் படிக்க விரும்புகிறோமா, எழுத்து பெரிதாக வேண்டுமா என்பதை நினைவில் வைப்பது.

மூன்றாவது, பகுப்பாய்வுக் குக்கி. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கெடுப்பது. இதனால் தளம் நடத்துவோர் தம் குறைகளைத் திருத்திக்கொள்ளலாம்.

நான்காவது, விளம்பரக் குக்கி. இதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மறுபடியும் நம் சைக்கிள் ஸ்டாண்டுக்கே வருவோம். பேருந்து நிலையம், புத்தகக் கடை, மருந்துக் கடை, துணிக் கடை ஆகிய எல்லா இடங்களிலும் ஒரே காண்டிராக்டர் டோக்கன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் நமக்கு ஒரே எண். மாலையில் அவர் தம் நோட்டைப் புரட்டினால், இந்த எண்ணுக்குரியவர் காலையில் எங்கே போனார், எந்த மருந்துக் கடையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். நம் பெயர் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. எண் போதும்.

இப்படி நாம் பார்க்கப் போன தளம் அல்லாமல், அதனுள் விளம்பர இடம் வாங்கியிருக்கும் வேறொரு நிறுவனம் வைக்கும் குக்கியை மூன்றாம் தரப்புக் குக்கி என்பர். ஆயிரக்கணக்கான தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் இடம் பிடித்திருக்கும்போது, அதன் நோட்டு எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

விளம்பரம் தேவையில்லையா?

சிலர் கேட்கலாம்: “விளம்பரம் இல்லாவிட்டால் செய்தியையும் பாடத்தையும் இலவசமாக யார் தருவார்கள்?” இது நியாயமான கேள்வியே. நம் ஆண்டு மலரிலும் கடைக்காரர்களின் விளம்பரங்கள் உண்டு. அவர்கள் தரும் பணம் அச்சுக்கூலிக்கு உதவுகிறது. ஆனால் மலரில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம், அதைப் படிப்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்று குறித்துக்கொண்டு நம் பின்னால் வீடு வரை வருவதுமில்லை. விளம்பரம் வேறு, வேவு வேறு. முன்னதை நாம் வெறுக்கவில்லை. பின்னதற்குத்தான் நம் சம்மதம் தேவை.

எங்கள் வீட்டில் நடந்தது

இந்தப் பகுதியை என் அம்மாவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். முதலில் கேட்டபோது, “இதை எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்?” என்றார். எழுதியதை வாசித்துக் காட்டிய பின், “சரி, போடு. இன்னொரு வீட்டில் இப்படி நடக்காமல் இருக்கட்டும்” என்றார்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் உண்டு. அது அப்பாவுடையது. சென்ற ஆண்டு அம்மாவின் கழுத்தில் ஒரு சிறு கட்டி தோன்றியது. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் காட்டினார். “அப்பாவிடம் இப்போது சொல்லாதே. தக்காளி விலை இறங்கிக் கிடக்கிறது. பறித்த கூலிக்கே கட்டவில்லை என்று கவலையில் இருக்கிறார். நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன்” என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிரவு அப்பாவின் கைப்பேசியை எடுத்து, கழுத்துக் கட்டி எதனால் வருகிறது, அது புற்றுநோயா என்று ஒவ்வொரு தளமாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பெட்டி வந்து மறைத்தது. அவசரத்தில் ஒவ்வொன்றிலும் ‘அனைத்துக்கும் சம்மதம்’ என்பதையே அழுத்தினேன்.

மறுநாள் காலை மண்டியில், மழை வருமா என்று பார்ப்பதற்காக அப்பா கைப்பேசியைத் திறந்தார். வானிலைக்கு மேலே கழுத்துக் கட்டி அறுவை சிகிச்சை விளம்பரம் படத்தோடு வந்து நின்றது. பக்கத்தில் நின்றிருந்த பெரியப்பா முறை உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். “ஏம்பா, வீட்டிலே யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “நான் சொல்லவில்லை அம்மா” என்று அழுதேன். பிறகு நாங்கள் மூவரும் தர்மபுரிக்குச் சென்றோம். ஊசி போட்டுப் பரிசோதித்ததில், இறைவனருளால் அது கெடுதலான கட்டி அல்ல என்று தெரிந்தது. மனம் நிம்மதியானது. ஆயினும், “என் வாயால் நான் சொல்ல வேண்டியதைப் போன் சொல்லிவிட்டதே” என்று அம்மா ஒரு நாள் சொன்னது என் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

அந்த விளம்பரம் எந்த வழியாக வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. குக்கி மட்டுமல்லாமல், தேடிய சொற்களை நம் கணக்கோடு சேர்த்து வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அந்த இரவில் நான் பலமுறை சம்மதம் கொடுத்தேன் என்பதும், எதற்கு என்று ஒரு முறைகூடப் படிக்கவில்லை என்பதும் உண்மை. கணினி வகுப்பில் சிஸ்டர் குக்கியைப் பற்றி விளக்கிய அன்றுதான் இது எனக்கு விளங்கியது.

சம்மதப் பெட்டியின் தந்திரங்கள்

கேட்டுவிட்டுத்தானே செய்கிறார்கள், அதில் என்ன தவறு என்று தோன்றலாம். கேட்கும் விதத்தில்தான் தவறு இருக்கிறது. நான் கண்ட தந்திரங்கள் சில:

‘சம்மதம்’ என்ற பொத்தான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும். ‘மறுக்கிறேன்’ என்பது மங்கிய எழுத்தில் ஒதுங்கியிருக்கும்.

சம்மதிக்க ஒரு முறை தொட்டால் போதும். மறுப்பதற்கோ ‘மேனேஜ்’ என்ற பகுதிக்குள் சென்று, ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில் ‘சேவ்’ என்பதையும் தொட வேண்டும்.

சில இடங்களில் நமக்குப் பதிலாக அவர்களே முன்கூட்டி ‘டிக்’ போட்டு வைத்திருப்பார்கள். வேறு சில இடங்களில் மறுத்தாலும் விடாமல், பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்டுத் தொல்லை செய்வார்கள்.

நுகர்வோரை ஏமாற்றும் இத்தகைய உத்திகள் பதின்மூன்றை வகைப்படுத்தி, அவற்றைத் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் நாள் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நச்சரிப்பது, குழப்பும்படி கேள்வி கேட்பது, மறுப்பவரை வெட்கப்படச் செய்வது, ஒரு பொத்தானைத் தூக்கிக் காட்டி மற்றதை மறைப்பது ஆகியவை அந்தப் பதின்மூன்றில் அடங்கும்.

பிற நாடுகளின் சட்டம்

இந்தப் பெட்டி உலகெங்கும் தோன்றக் காரணம் ஐரோப்பா ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஒரு நெறிமுறையை வகுத்து, 2009இல் அதைத் திருத்தி, அவசியமல்லாத குக்கிக்குப் பயனாளியின் சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தின் இலக்கணத்தைக் கடுமையாக்கியது. முன்கூட்டியே ‘டிக்’ போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் நாள் தீர்ப்பளித்தது.

பிரான்சு நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. காரணம் என்ன தெரியுமா? சம்மதிக்க ஒரு தொடுகை போதும், மறுக்கப் பல தொடுகைகள் வேண்டும் என்று அமைத்திருந்ததே! ஒரு பொத்தானின் அமைப்புக்குக் கோடிக்கணக்கில் அபராதம் என்றால், அந்தப் பொத்தானுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும் என்பதை நாம் உணரலாம்.

நம் நாட்டுச் சட்டம்

நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி அவர்கள், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். அவ்வழக்கில் எழுந்த கேள்வியை ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்து, அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அதன்பின் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இதில் குக்கி என்ற சொல் இல்லை. ஆனால் குக்கி வழியாக ஒருவரை அடையாளம் காட்டும் விவரம் திரட்டப்பட்டால், அதற்கும் இச்சட்டம் பொருந்தும். இதில் மாணவியராகிய நாமும் பெற்றோரும் அறிய வேண்டியவை நான்கு.

ஒன்று, சம்மதம் சுதந்திரமானதாகவும், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டதாகவும், விவரம் அறிந்து தந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும்.

இரண்டு, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும். அவற்றுள் நம் தாய்மொழியாம் தமிழும் ஒன்று. ஆங்கிலம் தெரியாத நம் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

மூன்று, கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

நான்கு, 18 வயது நிரம்பாத ஒவ்வொருவரும் இச்சட்டப்படி குழந்தையே. குழந்தையின் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சில சேவைகளுக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு.

இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் தொடங்க அவற்றில் 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஆனால் சட்டம் வாசற்படி வரைதான் வந்து காக்கும். கதவைச் சாத்துவது நம் கையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. சம்மதப் பெட்டி வந்தால் அவசரப்படாமல், ‘ரிஜெக்ட் ஆல்’ அல்லது ‘நெசசரி ஒன்லி’ என்று இருக்கிறதா என்று தேட வேண்டும். முன்னது ‘அனைத்தும் வேண்டாம்’, பின்னது ‘அவசியமானது மட்டும்’ என்று பொருள்படும். அதை அழுத்தினாலும் பெரும்பாலான தளங்கள் நன்றாகவே திறக்கின்றன.

2. அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் ‘மேனேஜ்’ பகுதிக்குள் சென்று, பகுப்பாய்வு, விளம்பரம் ஆகியவற்றை அணைத்துவிட்டுச் சேமிக்க வேண்டும். இதற்குப் பத்து வினாடி ஆகும்.

3. சஃபாரி உலாவி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தானாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸ் உலாவியும் 2019 முதல் பின்தொடரும் குக்கிகளைத் தடுத்து வருகிறது. கூகுள் நிறுவனம் தன் குரோம் உலாவியிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்தது. 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோம் வைத்திருப்போர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சைட் செட்டிங்ஸ்’ சென்று, ‘தேர்டு பார்ட்டி குக்கீஸ்’ என்பதைத் தாமே தடுக்க வேண்டும்.

4. குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி என்றால், நோய் போன்ற அந்தரங்கமான செய்திகளை ‘இன்காக்னிடோ’ சாளரத்தில் தேடலாம். அதை மூடியவுடன் அதில் சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். ஆனால் நாம் சென்ற தளத்துக்கும் இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் நாம் சென்றது தெரியக்கூடும் என்பதை மறக்கலாகாது.

5. மாதம் ஒரு முறையாவது ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’ என்பதன் வழியாகப் பழைய குக்கிகளை அழிக்க வேண்டும். கடவுச்சொற்களை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அவற்றை முதலில் நோட்டில் குறித்து வைப்பது நல்லது.

6. கணினி மையத்தில் விண்ணப்பம் நிரப்பினால், ‘லாக் அவுட்’ செய்யாமல் எழுந்து வரவே கூடாது. நம் டோக்கனை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வருவதற்கு அது சமம்.

இப்போது எங்கள் வீட்டில் அம்மாவே இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். அந்தப் பெட்டி வந்தால், “எது வேண்டாம் என்கிற பொத்தான், காட்டு” என்று கேட்கிறார். அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து அவரே தொடுகிறார்.

முடிவுரை

மங்கள வார்த்தைத் திருநாளின் பொருளை நாம் அனைவரும் அறிவோம். கபிரியேல் தூதர் இறைவனின் செய்தியோடு வந்தபோது, மரியன்னை உடனே தலையாட்டிவிடவில்லை. இது எப்படி நிகழும் என்று கேட்டார். தூதர் விளக்கினார். விளக்கத்தைக் கேட்ட பின்னரே அன்னை தம் சம்மதத்தைத் தந்தார். எல்லாம் வல்ல இறைவனே ஓர் இளம் பெண்ணின் கேள்விக்கு விடை தந்து, அவள் சம்மதத்துக்காகக் காத்திருந்தார் என்றால், ஒரு விளம்பர நிறுவனம் பத்து வினாடி காத்திருக்கக் கூடாதா?

பெண் பிள்ளைகளாகிய நமக்குச் ‘சரி’ என்று சொல்லவே பெரும்பாலும் கற்றுத்தரப்படுகிறது. கேட்டு, அறிந்து, வேண்டுமானால் ‘சரி’ என்றும், வேண்டாவிட்டால் ‘வேண்டாம்’ என்றும் சொல்லக் கற்பதும் கல்வியே ஆகும். கைப்பேசியில் வரும் அந்தச் சிறு பெட்டி அதற்கு ஒரு நல்ல பயிற்சி. தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயாருக்கு அந்த ‘வேண்டாம்’ பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். அதுவே இக்கட்டுரைக்கு நீங்கள் தரும் பரிசாகும்.

— மாணவி, பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு